சொத்தையில்லாத பல்லுக்கு வாரம் ஒரு வைத்தியம்

எங்கள் பல் கிளினிக்குக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் யாரும் கிடையாது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், வாசலைக் கண்டதும் வலி குறைந்துவிட்டது என்பார்கள், வரவேற்பு மேசையில் இருக்கும் என்னிடம் "இன்னொரு நாள் வரட்டுமா?" என்று கெஞ்சுவார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு வாரம் தவறாமல், சிரித்த முகத்தோடு, நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்தவர் ஒருவர்தான். அவருக்குப் பல்லில் ஒரு கோளாறும் இல்லை. கட்டிய கணவரிடமும் ஒரு கோளாறும் இல்லை. கோளாறே அதுதான்.

அவருக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. 'விசாரணை' என்று மேலே எழுதிய கண்ணாடிக் கூண்டு. கண்ணாடியின் நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் எப்போதும் யாருடைய வாயாவது இருக்கும். வண்டி வந்துவிட்டதா, வரவில்லையென்றால் ஏன் வரவில்லை, போய்விட்டதென்றால் தன்னை விட்டுவிட்டு எப்படிப் போகலாம் என்று அந்த வாய் கேட்கும். எல்லாவற்றுக்கும் இவர்தான் பதில். அதனால் ஊரில் எல்லாருக்கும் இவர் விசாரணையக்கா. விசாரிப்பது மற்றவர்கள், பெயர் மட்டும் இவருக்கு.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாஸ்டர் என்றால் தெரியாதவர்கள் இல்லை. அவருடைய காரில், ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் எங்கேயாவது கொண்டுபோய் முட்டுவதற்கு முன் மாஸ்டரின் கால் வண்டியை நிறுத்திவிடும். அந்தக் காலுக்கு வீட்டிலும் ஓய்வில்லை. அக்கா வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் நிற்கிற மாஸ்டரின் வலது கால் சமையலறைத் தரையை அழுத்துமாம்.

காதல் கல்யாணம்தான். சொந்தமாகக் கார் வைத்திருந்த மனிதர் தினமும் பேருந்து நிலையத்துக்கு வந்து, வட்ட ஓட்டையில் குனிந்து, ஒரே பேருந்தின் நேரத்தைக் கேட்டார். கேட்ட பேருந்தில் ஒருநாளும் ஏறவில்லை. கடைசியில் அக்காவே, "பஸ் எப்போ கிளம்பும்னு கேட்டது போதும். நீங்க எப்போ கிளம்புவீங்க?" என்று கேட்டுவிட்டார். மாஸ்டர் கிளம்பவேயில்லை. இன்றுவரை.

ஊரே மெச்சிய ஜோடி. மழை வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே குடை, ஆளுக்கு ஒரு தோள் நனையும். இன்னொரு குடை வாங்கலாம் என்று அக்கா சொன்னதற்கு மாஸ்டரின் முகம் வாடிவிட்டதாம். எல்லாரையும்விட அதிகமாக மெச்சியவர் அக்காவின் நாத்தனார், அதாவது மாஸ்டரின் மூத்த சகோதரி. "என் தம்பி மாதிரி பெண்டாட்டியை விட்டு அரை நிமிஷம் பிரியாத ஒருத்தனைக் காட்டு பார்ப்போம்" என்று போகிற இடமெல்லாம் சவால் விடுவார். அவருடைய கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வருவார், வந்த வேகத்தில் போவார். ஆகவே இணைபிரியாமல் வாழ்வதைப் பற்றி நாத்தனாருக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் உண்டு.

அக்கா வேலை முடிந்து கூண்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால் மாஸ்டரின் கார் நிற்கும். ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "இன்னிக்கு என்ன ஆச்சு?" சொல்வார். "அப்புறம்?" அதையும் சொல்வார். சொல்ல எல்லாம் தீர்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினால், மாஸ்டர் உலகத்திலேயே அன்பான குரலில் கேட்பார்: "என்ன யோசிக்கிற?"

இதற்கு அக்கா முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். "ஒண்ணும் யோசிக்கல." மாஸ்டர் நம்பவில்லை. ஒன்றும் யோசிக்காமல் ஒரு மனுஷி எப்படி ஜன்னலைப் பார்ப்பாள்? வீடு போய்ச் சேரும்வரை தன் மேல் என்ன வருத்தம் என்று விசாரித்தார். அதன் பிறகு அக்கா பதில்களை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொண்டார். திரைச்சீலை மாற்றலாமா என்று யோசிக்கிறேன், தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதே என்று யோசிக்கிறேன். திரைச்சீலை மூன்று தடவை மாறியது. குழாய் ஒழுகவேயில்லை, ஆனாலும் புதிதாகப் போட்டார்கள். உண்மையில் அவர் யோசிக்க நினைத்ததை யோசிக்கத்தான் நேரம் வரவில்லை.

தப்பித்துப் பார்க்காமல் இல்லை. நூலகத்தில் சேர்ந்தார். மறுநாளே மாஸ்டரும் உறுப்பினர் ஆகி, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி ஒரு பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் தானும் ஒரு பக்கம் புரட்டினார். காலை நடை என்றார். அடுத்த நாள் வாசலில் ஒரே நிறத்தில் இரண்டு ஜோடி ஷூ. முடி வெட்டப் போன இடத்தில் மாஸ்டர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "இன்னும் ஒரு இஞ்ச் போதும், அதுக்கு மேல வேண்டாம்" என்று சொல்லும்போது அவர் கால் தரையை அழுத்தியதை முடி வெட்டுகிற பெண்ணே பார்த்திருக்கிறாள். குளியலறை மட்டும் மிச்சம். அங்கேயும் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டுக்கொண்டு, "தண்ணி சூடா வருதா?" என்று ஆரம்பிப்பார்.

இப்படியிருக்கும்போதுதான் அக்காவுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. ஒரு கடைவாய்ப் பல் சொத்தையானது.

கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த மாஸ்டர் அக்காவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து, சொத்தை எத்தனை ஆழம் என்று என்னிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அப்போது உள் அறையில் டாக்டர் டிரில்லை ஓட்டினார். 'ங்ஙீ' என்று ஒரு சத்தம். லாரிக்கும் பேருந்துக்கும் நடுவில் அசராமல் வண்டி விட்டுப் பழகிய மனிதரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "நான் காரைப் பார்த்துட்டு வரேன்" என்று எழுந்து போனார். கார் நின்ற இடத்திலேயே பத்திரமாக இருந்தது. அவர் திரும்பி வரவில்லை.

அக்கா கண்ணாடிக் கதவைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு பக்கமும் காலியாக இருந்த நாற்காலிகளைப் பார்த்தார். பல்வலியோடு அப்படிச் சிரித்த ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சொத்தையை அடைத்தாயிற்று. வைத்தியம் முடிந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். "அடுத்த வாரமும் இந்த நேரத்துக்கு வரலாமாம்மா?" என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. "வாங்கக்கா" என்றேன். அவருக்கு என்னைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதிலிருந்து வாராவாரம் வந்தார். எக்ஸ்ரே அறையை ஒட்டிய மூலை நாற்காலி அவருடையது. செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொள்வார். போனை எடுக்க மாட்டார், பத்திரிகையைப் புரட்ட மாட்டார். எதிர்ச் சுவரில் ஈறு நோய்களை விளக்கும் பெரிய படம் ஒன்று உண்டு. மற்றவர்கள் அதைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார்கள். இவர் மலைக்காட்சியைப் பார்ப்பதுபோல் ஒரு மணி நேரம் பார்ப்பார். பிறகு எழுந்து, புடவையை நீவிவிட்டு, "வரேம்மா" என்பார். வெளியே காருக்குள் மாஸ்டர் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் டாக்டர் இதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் வாய் திறந்தவர்களை மட்டுமே கவனிப்பவர். நோயாளியின் வாய்க்குள் கருவியை வைத்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வரும். "பையன் என்ன படிக்கிறான்?" என்பார். "ஆ, ஆ" என்று பதில் வரும். "ரொம்ப நல்லது" என்பார். அப்படிப்பட்டவர் நரைத்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு இடம் சொல்லியிருப்பேன்.

காரில் நடந்ததை டாக்டரே சொன்னார். அவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகும்போது, பக்கத்திலிருந்த மாஸ்டர் கவலையோடு கேட்டிருக்கிறார்.

"டாக்டர், அவ பல்லு எப்போதான் சரியாகும்? சாப்பிடறப்போ பார்க்கறேன், ரெண்டு பக்கமும் நல்லாத்தான் மெல்லுறா. உங்ககிட்ட வர்ற நாள் வந்தா மட்டும் வலிக்குதுங்கறா."

"எந்தப் பல்லு மாஸ்டர்?"

"நீங்கதானே வாராவாரம் பார்க்கறீங்க?"

"நானா? ஒரு பல்லு அடைச்சேன், அதோட சரி. அப்புறம் அவங்க வாயையே நான் பார்க்கலையே. வர்றாங்க, உக்கார்றாங்க, போறாங்க. நம்ம ஏசி பிடிச்சுப் போச்சுன்னு நினைச்சேன்."

மாஸ்டரின் கால் பிரேக்கில் இறங்கியது. எதிரே ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. நடுரோட்டில் கார் நின்றது. பின்னால் வந்த அத்தனை பேரும் டாக்டரைத் திட்டினார்கள். "நான் மிதிக்கவே இல்லைம்மா" என்று அவர் இன்றைக்கும் என்னிடம் முறையிடுவார்.

அன்று சாயங்காலமே குடும்பம் கூடியது. மனைவி பொய் சொல்லிவிட்டு ஓரிடத்துக்குப் போகிறாள் என்றால் அங்கே ஒருவன் இருக்க வேண்டும். இது குடும்பங்களுக்குப் புரிகிற விஷயம். அதற்கு அழுகை உண்டு, பஞ்சாயத்து உண்டு, மன்னிப்பு உண்டு. யாருமே இல்லை என்றால் என்ன செய்வது? அக்காவின் அம்மா போனில் கெஞ்சினாராம்: "யாராவது இருந்தா இப்பவே சொல்லிடு, பேசி முடிச்சுக்கலாம். யாருமே இல்லைன்னு சொன்னா நான் நாலு பேர் முகத்துல எப்படி முழிக்கிறது?"

அடுத்த வாரம் அக்கா வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்தார். பின்னால் வந்த மாஸ்டர், உள்ளே டிரில் ஓடுவதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு?" என்றார் நாத்தனார்.

"எது யாரு, அண்ணி?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். யாரைப் பார்க்க இங்க வர்ற?"

"யாரையும் இல்ல."

"யாரையும் பார்க்காம இருக்கறதுக்கு ஒருத்தி வீட்டை விட்டு வருவாளா?"

"வீட்ல அது முடியாதே அண்ணி."

நாத்தனார் அறையை ஒரு சுற்று பார்த்தார். நான் இருந்தேன். மேசை மேல் பிளாஸ்டரில் செய்த தாடை ஒன்று இருந்தது. பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்த பொக்கைவாய்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். நாத்தனாரின் பார்வை அவர் மேல் நின்றது. பெரியவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "நான் இன்னிக்குத்தான்மா முதல் தடவை வர்றேன்" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

நாத்தனார் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இவ இங்க என்ன பண்ணுவா?"

"உக்காந்திருப்பாங்க."

"உக்காந்து?"

"அவ்வளவுதாங்க."

"போன் பேசுவாளா? அழுவாளா?"

"இல்லீங்க."

"சும்மா உக்கார்றதுக்கா இவ்வளவு பொய்? எங்க வீட்ல நாற்காலியே இல்லையா?"

உள்ளே டிரில் நின்றது. மாஸ்டர் சட்டென்று நுழைந்து அக்காவின் எதிரில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன்? அதை மட்டும் சொல்லிடு."

"ஒரு தப்பும் பண்ணலீங்க. பண்ணியிருந்தா கோவிச்சுக்கிட்டு ஒருநாளாவது பேசாம இருந்திருப்பேனே. அதுக்குக்கூட நீங்க வழி விடலையே."

"அப்போ என்னைப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. இங்க தனியா உக்காந்துட்டு எழுந்திருக்கறப்போ, உங்களைப் பார்க்கணும் போல இருக்கு. வாரத்துல அந்த ஒரு தடவைதான் எனக்கு அப்படித் தோணுது. மத்த நேரமெல்லாம் தோணறதுக்கு முன்னாடியே நீங்க நிக்கறீங்க."

மாஸ்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டிரில் மறுபடி 'ங்ஙீ' என்றது. மாஸ்டர் வாசலுக்கு வெளியே இருந்தார். அக்கா சொன்னது காதில் விழுந்ததா, விழுந்திருந்தாலும் உள்ளே போனதா என்று தெரியவில்லை.

தீர்ப்பை நாத்தனார் வழங்கினார். இனி இந்தப் பல் வைத்தியம் கிடையாது. தம்பதிக்குள் மனம்விட்டுப் பேசுவது குறைந்ததுதான் இத்தனைக்கும் காரணம், ஆகவே இனி இன்னும் அதிகமாகப் பேச வேண்டும். தீயை அணைக்க வந்தவர் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதன் பிறகு மூலை நாற்காலி காலியாக இருந்தது. கன்னம் வீங்கியவர்கள் யார் யாரோ உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்கள் யாருக்கும் ஈறு நோய்ப் படத்தை ரசிக்கத் தெரியவில்லை. ஒருநாள் பேருந்து நிலையத்துப் பக்கம் போக வேண்டியிருந்தது. கூண்டுக்குள் அக்கா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வரிசையில் நின்று ஓட்டைக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு எந்த ஊருக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

"எப்படிக்கா இருக்கீங்க?"

"முன்னாடி 'என்ன யோசிக்கிற'ன்னு மட்டும் கேப்பாரு. இப்போ 'அதை ஏன் யோசிக்கிற'ன்னும் கேக்கறாரு" என்றார். பின்னால் நின்றவர் முதுகில் இடித்தார். நான் நகரும்போது அக்கா ஓட்டைக்கு அருகில் குனிந்து, "அந்த நாற்காலி இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இருக்குக்கா."

"சரி. இருக்கட்டும்."

அந்த நாற்காலியை அக்காவுக்குத் திரும்பக் கொடுத்தது நானும் இல்லை, நாத்தனாரும் இல்லை. மாஸ்டரின் சொந்தப் பல்தான். வெகு நாளாகவே அவருக்கு வலி இருந்திருக்கிறது. மனைவியின் மனதில் ஓடுகிற ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிக்கொண்ட மனிதர், தன் வாய்க்குள் நடப்பதைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. ஒரு பக்கமாகவே மென்று சமாளித்திருக்கிறார். மறைக்க முடியாதபடி கன்னம் வீங்கிய பிறகு அக்காதான் கூட்டிக்கொண்டு வந்தார். மாஸ்டர் படியேறிய விதத்தைப் பார்த்தால் தூக்குமேடைக்குப் போகிறவர்கள் இதைவிடச் சுறுசுறுப்பாகப் போவார்கள் என்று தோன்றியது.

வேர் வரைக்கும் சீழ் பிடித்திருந்தது. ரூட் கனால் செய்ய வேண்டும், சில தடவை வரவேண்டியிருக்கும் என்றார் டாக்டர். மாஸ்டர் எழுந்து உள்ளே போகும்போது அக்காவும் எழுந்தார். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"நீ வராத" என்றார்.

"கையைப் பிடிச்சுக்கறேன்ங்க."

"வேண்டாம். நான் கத்தினாலும் கத்துவேன். நீ அதைப் பார்க்க வேண்டாம். இங்கயே இரு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயிலிருந்து 'நீ வராத' என்ற வார்த்தை வந்தது அன்றைக்குத்தான்.  அக்கா மூலை நாற்காலிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார்.

எங்கள் டாக்டரின் டிரில்லுக்கு விசை அவர் காலடியில் இருக்கிறது. மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். அதைக் கண்டதும் மாஸ்டரின் காலும் நாற்காலியின் நுனியில் பிரேக்கைத் தேட ஆரம்பித்திருக்கிறது. "அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல மாஸ்டர், இங்க ஒரே பிரேக்தான், அதுவும் என் கால்ல இருக்கு" என்று டாக்டர் சொன்னது எனக்கே கேட்டது. ரொம்ப நாள் காத்திருந்து சொன்ன மாதிரி இருந்தது. பிறகு மாஸ்டர் கத்தினார். நன்றாகவே கத்தினார். பல்செட் மாட்டிப் பார்க்க வந்திருந்த அதே பெரியவர், செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா ஒருமுறை பாதி எழுந்தார். பிறகு, சொன்ன சொல்லை மதித்து, உட்கார்ந்துகொண்டார்.

மாஸ்டர் வெளியே வந்தபோது பாதி முகம் மரத்துப்போயிருந்தது. பேச முயன்றார், உதடு கோணிக்கொண்டு காற்றுதான் வந்தது. ஊசியின் வேகம் குறையும்வரை பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக் காருக்கு அழைத்துப் போனார். வீடு போய்ச் சேரும்வரை காருக்குள் யாரும் யாரையும் ஒரு கேள்வியும் கேட்டிருக்க முடியாது. அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்ததைக் கார் வளைவில் திரும்பும்போது பார்த்தேன். தலை மட்டும் மாஸ்டரின் தோளில் சாய்ந்திருந்தது.

அடுத்த தடவை மாஸ்டர் தனியாக வந்தார்.

"அக்கா வரலையா சார்?"

"வீட்ல இருக்கா. நான்தான் வேண்டாம்னேன்." கொஞ்சம் நிறுத்தி, "தனியா இருக்கா" என்றார். அந்த வார்த்தையை அவர் முதன்முதலாகச் சொல்லிப் பார்ப்பதுபோல் இருந்தது.

உள்ளே போனார், கத்தினார், கோணிய வாயோடு வெளியே வந்தார். கதவுவரை போய், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பி வந்தார். மூலை நாற்காலியில் உட்கார்ந்து, கார்ச் சாவியை மடியில் வைத்துக்கொண்டார்.

"கிளம்பலையா சார்? எல்லாம் முடிஞ்சுதே."

அவர் என்னவோ சொன்னார். மரத்த வாயில் பாதி எழுத்து உதிர்ந்துபோனாலும் எனக்குப் புரிந்தது. "இப்போ கிளம்பினா வீட்டுக்குச் சீக்கிரம் போயிடுவேன்."

எதிர்ச் சுவரில் ஈறு நோய்ப் படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள் அறையில் டிரில் ஓடியபோது தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது, எழுந்து ஓடவில்லை. அவர் கால் தரையில் சும்மா இருந்தது. என்ன யோசிக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.